ஒரு தாளைக் கிழித்தால்

"கெட்டிக்காரன்டா நீ" என்று அவனிடம் சொன்னேன். இத்தனை வருடமாக என்னால் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடப்பது அந்த ஒரு சொல்தான்.

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம், தென்கடல் ஓரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குக் கவனிக்கிற பழக்கம் வரட்டும் என்று நானே ஒரு வேலை ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் மூன்று தலைப்பு: பார்த்தது, அளந்தது, கேள்வி. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். புத்தகத்தில் இருப்பதை எழுதக் கூடாது. டீச்சருக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைத்து எழுதவே கூடாது. கடைசி விதியை வாரம் ஒருமுறையாவது சொல்லியிருப்பேன். கரும்பலகை மூலையில் எழுதியும் வைத்திருந்தேன், தினம் அழிபடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பையனையும் நியமித்திருந்தேன்.

காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு குறள், ஒரு பொன்மொழி, ஒரு நீதிக்கதை, அதோடு நல்லொழுக்கம் முடிந்தது என்பதை நான் கிண்டல் செய்கிற ஆள். நண்டு வளையை ஸ்கேல் வைத்து அளந்து, வந்த அளவை அப்படியே எழுதிப் பழகுகிற பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது என்று ஆசிரியர் அறையில் பேசியிருக்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன்.

முதல் மாதம் எல்லா நோட்டிலும் சூரியன் கிழக்கில் உதித்தது. அப்புறம் மெதுவாகக் கண் திறந்தது. அம்மா பாசி எடுக்கப் போகும்போது விரலில் துணி சுற்றுவதைப் பற்றி ஒரு பெண் எழுதினாள்: சுற்றியும் கடல் பாறை கிழிக்கிறது, கட்டைவிரலில்தான் காயம் அதிகம், ஏன் கட்டைவிரல்? இன்னொருவன் காற்றைக் குறித்தான்: நேற்று வாடை, இன்று கொண்டல், தாத்தா சொன்னது காலை ஆறு மணிக்கே சரியாக இருந்தது. வேறொருவன் வகுப்பையே கவனித்திருந்தான். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மீதி நாள் நாட்டுப்படகுக்கு என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு. எந்தெந்த நாளில் எத்தனை பேர் பள்ளிக்கு வரவில்லை என்று படகுக் கணக்கோடு சேர்த்துப் போட்டிருந்தான். அதைத் தலைமையாசிரியரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

ஆரம்பத்தில் சொன்னேனே, அவன் நோட்டு எல்லோருடையதையும் விட அழுக்கு. பேசவே மாட்டான், பெஞ்சில் கடைசி. ஆனால் வகுப்பிலேயே ஒழுங்காக அளக்கத் தெரிந்தவன் அவன்தான். கரையில் நண்டு வளைகளை எட்டு நாள் எண்ணி, வெள்ளம் ஏறின நாள், வற்றின நாள் என்று பிரித்து ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தான். அதற்கு நான் ஒரு 'நன்று' போட்டதோடு சரி.

இதற்கிடையில், கடலடி மணலில் வெள்ளரிக்காய் மாதிரி கிடக்கிற கடல் அட்டையைப் பற்றி ஒரு நாள் பாடம் எடுத்தேன். மணலைத் தின்று, அதில் இருக்கிற சத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மணலைச் சுத்தமாக வெளியே விடும். நிலத்துக்கு மண்புழு எப்படியோ கடலடிக்கு அட்டை அப்படி என்றேன். 2001இல் அதைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக அறிவித்துப் பிடிக்கத் தடை போட்டதையும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற அதே முதல் அட்டவணையில் அதையும் சேர்த்ததையும் சொன்னேன். இதெல்லாம் எனக்குத்தான் புதுச் செய்தி. நான் உள்நாட்டுக்காரி, கண்மாய்க்கரையில் வளர்ந்தவள். அந்தப் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே அட்டை தெரியும். வகுப்பு அமைதியாகக் கேட்டது. ஒரே ஒரு கேள்வி, அதுவும் அவனிடமிருந்து வந்தது. "இலங்கையில லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கிறாங்களாமே டீச்சர், அதே கடல்தான, இங்க ஏன் கூடாது?" சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அது முடிந்து பத்து நாள் இருக்கும். சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில் பள்ளியில் கண்காட்சி. வனத்துறையிலிருந்து ஒரு அதிகாரியைக் கூப்பிட்டிருந்தோம். பிள்ளைகளின் நோட்டுகளை மேசையில் அடுக்கி வைக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். முந்தின நாள் சாயங்காலம், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று எல்லா நோட்டையும் புரட்டினேன்.

அவன் எழுதியிருந்ததை இப்போதும் கிட்டத்தட்ட வரிக்கு வரி சொல்ல முடியும். சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் முங்கி அட்டை எடுத்துவந்தார்கள். கருவேலங்காட்டுக்குப் பின்னால் தகர டின்னில் வேகவைத்தார்கள். போடும்போது ஸ்கேலை விட நீளம்; எடுக்கும்போது ஸ்கேலில் பாதிகூட இல்லை. வயிற்றைக் கீறியதும் உள்ளே மணல் இருந்தது, டீச்சர் சொன்னது சரி. வெந்த பிறகு மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மறுநாள் எடுத்துக் காலால் மிதித்துத் தேய்த்ததும் மேல்தோல் சுண்ணாம்பு மாதிரி உரிந்து வந்தது. கேள்வி: வெந்நீரில் உரியாத தோல் மணலில் ஏன் உரிகிறது?

வருடம் முழுக்க நாற்பது நோட்டிலும் நான் படித்ததில் அதைவிட நல்ல குறிப்பு கிடையாது. 'டீச்சர் சொன்னது சரி' என்று என் பாடத்தையே சோதித்துப் பார்த்திருக்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது. ஆனால் படித்தபோது இதில் எதுவும் மனதில் ஓடவில்லை. கை சில்லிட்டுப் போனது, அவ்வளவுதான். முதல் அட்டவணை என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அந்த நோட்டு ஒரு வனத்துறை அதிகாரியின் கையில் இருக்கும்.

அவன் மைதானத்தில்தான் இருந்தான். கூப்பிட்டேன்.

"டேய், இத எதுக்குடா எழுதின?"

"பாத்தத எழுதச் சொன்னீங்கல்ல டீச்சர்."

"சொன்னேன். சரி, இந்தப் பக்கத்தக் கிழிச்சிடு."

"தப்பா எழுதிட்டனா டீச்சர்?"

"தப்பெல்லாம் இல்ல. கிழிச்சிடு."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கிழிக்க மனமில்லை போல என்று நினைத்தேன். அது இல்லை. "ஒரு தாளக் கிழிச்சா எதிர்த்தாள் லூசா நிக்கும் டீச்சர். பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சுரும்" என்றான். சொல்லிவிட்டு நடுப்பக்கத்தைப் பிரித்து, பின் இரண்டையும் நகத்தால் நிமிர்த்தினான். இரண்டு தாளும் சேர்ந்த முழுத்தாளாகவே உருவினான். மற்ற தாள்களைத் தட்டிச் சமமாக்கி, பின்னைப் பழையபடி மடக்கி, ஸ்கேலின் விளிம்பால் அழுத்தினான். நோட்டு ஒரு தடயமும் இல்லாமல் இருந்தது. எதிர்த்தாளில் இருந்தது நண்டு வளைக் கணக்கு. எட்டு நாள் கணக்கு. அதுவும் போய்விட்டது.

அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அட்டை எழுதியதற்கும் நண்டு எண்ணியதற்கும் கிடைக்காத பாராட்டு, எழுதினதை மறைத்ததற்குக் கிடைத்தது. அவன் என்ன கற்றுக்கொண்டிருப்பான் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

கண்காட்சி நன்றாக நடந்தது. அந்த அதிகாரி தன்மையான மனிதர். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, மன்னார் வளைகுடாவில் 21 தீவு இருக்கிறது, உங்களுக்கு எத்தனை தீவின் பெயர் தெரியும் என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் அவரைவிட வேகமாகச் சொன்னார்கள். அப்புறம், "கடல் அட்டையை நேரில் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கை எழும்பவில்லை. கடலில் கால் வைத்து வளர்ந்த நாற்பது பிள்ளைகள். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த நிமிடம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிறகு நினைத்தால் இன்னொரு மாதிரி இருந்தது. மற்றவர்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். அவன் ஒருவனுக்கு மட்டும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

எனக்காக நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் நோட்டை வைத்து அவன் வீட்டு ஆளை உள்ளே தள்ளுவதா நேர்மை? வீட்டில் சோறு போடுகிறவனைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் அவனை என்ன செய்திருக்கும்? பதின்மூன்று வயதுப் பிள்ளை தாங்குகிற சுமையா அது? இதே நிலைமை நாளைக்கு வந்தாலும் அந்தப் பக்கம் மேசைக்குப் போகாமல்தான் பார்த்துக்கொள்வேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விஷயத்தைக் கேட்ட தமிழாசிரியர் ஒரு குறள் சொல்லித் தேற்றினார். எந்தக் குறள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் பக்கம் மேசைக்குப் போகாமல் இருக்க அதைக் கிழிக்க வேண்டியதே இல்லையே. அந்த ஒரு நோட்டை மட்டும் அடுக்காமல் விட்டிருக்கலாம். "நீ எழுதினது சரி. வகுப்பிலேயே நீதான் நல்லா எழுதியிருக்க. இத வீட்டுல வச்சுக்கோ, எல்லார்கிட்டயும் காட்ட வேண்டாம், ஏன்னு உனக்கே தெரியும்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லாமல் இருப்பது வேறு, இல்லாததாக ஆக்குவது வேறு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்குத் தோன்றாததற்குக் காரணம் அவன் சித்தப்பா மேல் இருந்த அக்கறை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். படித்துக் கையெழுத்துப் போட்டது நான். 'தெரிந்தும் ஏன் சொல்லவில்லை' என்று யாராவது என்னைக் கேட்டால்? அந்தப் பக்கம் இல்லாமல் போக வேண்டியிருந்தது எனக்குத்தான்.

இல்லை, முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. அவனுக்காகவும் பயந்தேன். இரண்டில் எது முந்தியது என்று எனக்கே பிடிபடவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவன் அம்மா வந்தபோது இது இன்னும் சிக்கலானது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து, ஒரு மஞ்சள் பையை மேசைக்குக் கீழே வைத்தார். நெத்திலிக் கருவாடு. "பிள்ளை சொன்னான் டீச்சர். எத வெளிய பேசணும் எதப் பேசக் கூடாதுன்னு அவனுக்கு வெவரமே பத்தாது. நாங்க அடிச்சும் பாத்தோம். நீங்க ஒரு வார்த்தையில புரிய வச்சுட்டீங்க." அவர் குரலில் கிண்டல் இல்லை, உண்மையான நன்றிதான். இடம் பார்த்து வாயடக்குவதும் ஒரு குணம்தானே. அந்தக் கரையில் அது இல்லாதவன் பிழைப்பது கஷ்டம். நானும் அதைத்தான் வளர்த்திருக்கிறேன் என்றால் அவர் சொன்னது சரிதான். பையை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் வரை வந்தேன், வாசனைக்குப் பக்கத்து இருக்கைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் குழம்பும் வைத்தேன்.

அவன் நோட்டு அதற்கப்புறம் சுத்தமாகிவிட்டது. கையெழுத்துகூடத் திருந்தியது. "இன்று வானம் மேகமூட்டமாக இருந்தது. கேள்வி: மழை எப்படி உண்டாகிறது?" பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிற கேள்வி. வாராவாரம் 'நன்று' போட்டுக்கொண்டே இருந்தேன். கரும்பலகை மூலையில் அந்த விதி வருடக் கடைசி வரைக்கும் இருந்தது, அவன் ஒரு முறைகூட அதைக் காட்டி என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

அடுத்தடுத்த வருடங்களிலும் நோட்டு வேலையை விடவில்லை. ஒரு விதி மட்டும் கூடியது: வீட்டு விஷயம் எழுத வேண்டாம். அதைச் சேர்த்த பிறகு விரலில் துணி சுற்றுகிற அம்மாக்களும் காற்று சொல்கிற தாத்தாக்களும் நோட்டிலிருந்து போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வீடு வேறு, கடல் வேறு இல்லை என்பதை யோசிக்காமல் போட்ட விதி அது.

மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். பிள்ளைகள் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே ஒருவரிடம், பொதுவாகக் கேட்கிற மாதிரி, அந்தக் கேள்வியைக் கேட்டேன். புதைத்து வைக்கும்போது நுண்ணுயிர்கள் மேல்தோலை அழுகவைத்து இளக்கிவிடும், அந்தத் தோலில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள் இருக்கிறது, அதனால்தான் தேய்த்தால் உரிந்து வரும் என்றார். சுண்ணாம்பு மாதிரி என்று எழுதியிருந்தானே, அது மாதிரி இல்லை, சுண்ணாம்பேதான். ஆனால் அவன் அதற்குள் எட்டாவது முடித்து, ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டிருந்தான்.

போன வருடம் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அவன்தான் முதலில் வந்து பேசினான். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" மீசை வந்திருந்தது, தோளில் ஒரு பை. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "சும்மா, சொந்த வேலைதான் டீச்சர்" என்றான், சிரித்துக்கொண்டே. மேலே கேட்கவில்லை. அந்த மணல் கேள்வியும் பதிலும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். இந்தத் தடவை மழை எப்படி என்று கேட்டேன்.