காரைக்குடிக்கு எத்தனை எழுத்து? பிரஸ்ஸல்ஸில் பேசிவிட்டு வந்த அனுபவம்

காரைக்குடி என்ற பெயரில் ஐந்து எழுத்து. பைத்தான் என்ற நிரல் மொழியில் அதன் நீளம் கேட்டால் பத்து என்று வரும். 'கா'வை க, துணைக்கால் என்று பிரித்து எண்ணுகிற கணக்கு அது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் 30 பைட். அதனால்தான் இருபது எழுத்துக்கு மேல் ஏற்காத படிவப் பெட்டிகளில் நம் தெருப் பெயரும் ஊர்ப் பெயரும் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. இதைத்தான் பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டில் இருபது நிமிடம் பேசினேன். எப்படிப் போனாய் என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

அதற்கு முன் வேறு மாநாடுகளுக்கு அனுப்பிய இரண்டு பேச்சுச் சுருக்கங்கள் திரும்பி வந்தன. இரண்டுமே பெரிய தலைப்புகள். யார் வேண்டுமானாலும் பேசக்கூடியவை. மூன்றாவதில் முதல் வரியையே 'எங்கள் ஊருக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்து' என்று தொடங்கினேன். உங்களுக்குச் சலித்துப்போன தொல்லை ஒன்று இருக்கும், அதை எழுதுங்கள். கேட்பவர் எதைக் கற்றுக்கொண்டு போவார் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். உங்கள் வாழ்க்கை வரலாற்றை அங்கே யாரும் கேட்கவில்லை.

ஃபாஸ்டெமுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. செலவெல்லாம் பயணத்துக்குத்தான். என் விமானச் செலவில் பாதியை அலுவலகம் கொடுத்தது; கேட்டதால் கொடுத்தார்கள். பெல்ஜியம் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பேச்சு ஏற்கப்பட்ட மின்னஞ்சலை அச்செடுத்து விண்ணப்பத்தின் மேலே வையுங்கள். விசா வேலைக்காகச் சென்னைக்குப் பல்லவன் ரயிலில் போய்வரும் ஒரு நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை அப்பத்தா வீட்டு வளவில் நடந்தது. தூணில் சாய்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பத்தாதான் சபை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இருபது நிமிடப் பேச்சைப் பதினாலு நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"மூச்சு விடுடா, ஒன்னைய யாரு வெரட்டுறது?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு படவில்லையின் (ஸ்லைடின்) ஓரத்திலும் 'மூச்சு' என்று எழுதி வைத்தேன். ஏழாவது ஒத்திகையில் பத்தொன்பது நிமிடம் வந்தது. உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அங்கே பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி, வேகம்தான் ஆளைக் கொல்லும்.

சரி, இவ்வளவு செய்தும் சொதப்பினேன். புரொஜெக்டரில் மாட்டும் அடாப்டரை விடுதி அறையிலேயே விட்டுவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் தன் மடிக்கணினியைக் கொடுத்தார். அதில் தமிழ் எழுத்துரு இல்லை. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது. ஒரு நொடி கைகால் ஓடவில்லை. அப்புறம், "இதைப் பற்றித்தான் பேச வந்தேன்" என்றதும் அறை சிரித்தது. கரும்பலகையில் காரைக்குடியைக் கையால் எழுதி, ஒவ்வொரு எழுத்தாக உடைத்துக் காட்டினேன். ஆனால் இந்த அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள். படவில்லைகளை எழுத்துரு பதித்த பிடிஎஃப்பாகவும் வைத்திருங்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு தாய்லாந்துக்காரர், "'டி'யில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முழு எழுத்தும் போக வேண்டுமா, குறி மட்டும் போக வேண்டுமா?" என்று கேட்டார். எண்ணும்போது முழு எழுத்தாக எண்ண வேண்டும் என்று அதுவரை வாதாடியவன் நான். அழிக்கும்போது மட்டும் குறி போனால் போதும் என்றுதான் என் விரல் பழகியிருக்கிறது! "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். வெளியே வறுத்த உருளைக்கிழங்கு வாங்கும் வரிசையில் அரை மணி நேரம் அதையே பேசினோம். மாநாட்டில் எனக்குக் கிடைத்ததில் பெரியது அந்த அரை மணி நேரம்தான். அதனால் உங்கள் பேச்சு முடிந்ததும் அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள்.

பெட்டியில் கொண்டுபோன கைமுறுக்கும் அந்த வரிசையிலேயே தீர்ந்தது. ஊருக்கு வந்ததும் அப்பத்தா கேட்டார்: "எத்தனை பேரு கேட்டாக?"

"அறுபது பேர் இருக்கும்."

"அப்ப முறுக்குப் பத்தியிருக்காதே."