பெஸ்கி கம்பத்தருகே

பாஸ்டன் நகரின் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்கின் வலது மூலையில் நிற்கும் மஞ்சள் கம்பத்தில் ஒரு முதியவர் இன்று பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

"நன்றி, ஜானி." இரண்டே சொற்கள்.

கைக்கு எட்டும் உயரம் வரை கம்பம் முழுக்கக் கையெழுத்துகள். ஒன்றன்மேல் ஒன்றாக, படிக்க முடியாத அளவுக்கு.

ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் ஜானி பெஸ்கியின் பெயரால் இது 'பெஸ்கி கம்பம்'. பந்தடிக்கும் இடத்திலிருந்து வெறும் 302 அடி. இவ்வளவு அருகில் எல்லை இருப்பது ஹோம் ரன், அதாவது பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி, அடிப்பவர்களுக்கு வசதி. ஆனால் பெஸ்கி தம் ஆட்ட வாழ்வு முழுவதும் அடித்த ஹோம் ரன்கள் 17 மட்டுமே!

1946 உலகத் தொடரின், அதாவது அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின், கடைசி ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கிவிட்டார் என்று பழி வந்தது. எதிரணியான செயின்ட் லூயிஸ் வென்றது. அந்தப் பழி எனக்கு அநியாயமாகவே படுகிறது. அவரோ அதை வேறு யார்மீதும் தள்ளவில்லை.

 ஆட்டக்காரர், மேலாளர், வர்ணனையாளர், பயிற்சியாளர் என்று ரெட் சாக்ஸ் அணியோடு பல பத்தாண்டுகள் கழித்தார். எண்பதைத் தாண்டிய பிறகும் சீருடை அணிந்து இளைஞர்களோடு மைதானத்தில் இருந்தார். 2012 ஆகஸ்ட் 13 அன்று மறைந்தார்.

இங்கே எழுதிவிட்டுப் போகிறவர்களில் பலர் அவர் ஆடியதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். தங்களோடு நின்று பேசிய மனிதராகத்தான் அவரை அறிவார்கள்.

86 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2004இல் அணி உலகத் தொடரை வென்றது. அடுத்த ஏப்ரலில் இதே மைதானத்தில் வெற்றிக்கொடியை ஏற்ற அழைக்கப்பட்டவர்களில் பெஸ்கியும் ஒருவர். 1946இன் பழியைச் சுமந்தவருக்கு அந்த ஊர் எழுந்து நின்று கைதட்டியது.