தகடு எவ்வளவு திரும்பும்?

ரோலிங் மெஷின் ஆபரேட்டர் என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு என் வேலை விளங்குவதில்லை. பெண் பார்க்கச் சென்ற வீட்டில் பின்னாளில் என் மாமனாரானவர் அதைப் பற்றிக் கேட்டபோது, கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தை ஓர் அறை அளவுக்குப் பெரிதாக்கி, கரும்புக்குப் பதிலாக இரும்புத் தகட்டை நுழைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "நசுங்கிடாதா தம்பி?" என்றார். நசுங்காது, வளையும். அந்த வளைவு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அன்று சொல்லத் தெரியவில்லை.

திருச்சியில் செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியுடன் 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் கொதிகலன் ஆலையைச் சுற்றி, துவாக்குடியில் வளர்ந்த ஏராளமான ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் ஒன்றில்தான் நான் இருக்கிறேன். டேங்க், புகைபோக்கி, அழுத்தக் கலன் என்று உருளையாக இருக்கும் எதுவும் தட்டையான தகடாகவே எங்களிடம் வருகிறது. கீழே இரண்டு ரோலர், மேலே ஒன்று. மேல் ரோலர் சிறிது சிறிதாக இறங்கத் தகடு முன்னும் பின்னும் ஓடி வளையும். இரு முனைகளும் சந்தித்ததும் டேக் வெல்டு, அதாவது தற்காலிகமாக ஆங்காங்கே பற்றவைப்பு, வைத்து, மேல் ரோலரின் ஒரு முனைத் தாங்கியைச் சாய்த்துத் திறந்து, ஷெல் என்று நாங்கள் சொல்லும் அந்த உருளையைக் கிரேனில் மாட்டிப் பக்கவாட்டில் உருவி எடுப்போம்.

கணக்கு எளிது. உள்விட்டம் 1000 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 12 மில்லிமீட்டர் என்றால், வளையும்போது உட்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் நீளுவதால், இரண்டுமற்ற நடுக்கோட்டின் விட்டமான 1012-ஐ எடுத்து, வட்டக் கணக்கின் π (பை) மதிப்பால் பெருக்க வேண்டும், 3179 வரும். புதிதாக வந்தவர்கள் உள்விட்டத்தையே பெருக்கிவிட்டு, கடைசியில் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் வாயைப் பிளந்து நிற்கும் ஷெல்லைப் பார்த்து விழிப்பார்கள். நானும் விழித்தவன்தான். ஒன்றரை மீட்டர் அகலத்தில் அந்தத் தகடு 450 கிலோ எடையுள்ளது என்பதால், தவறை யாரிடமிருந்தும் ஒளித்துவைக்கவும் முடியவில்லை.

கணக்குக்கு அப்பால் இருப்பதுதான் தொழில். ரோலரின் அழுத்தத்திலிருந்து விடுபட்டதும் எந்தத் தகடும் வளைந்த வளைவிலிருந்து சற்றே நிமிரும். ஸ்பிரிங்பேக் என்று பொறியாளர்கள் சொல்வதை எங்கள் பட்டறையில் 'தகடு திரும்புது' என்போம். ஆகவே வேண்டிய வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தால்தான் வேண்டியது கிடைக்கும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதற்கு நிலையான விடை இல்லை. நாங்கள் அதிகம் கையாளும் ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரத்தின் E250 தகட்டில், 250 மெகாபாஸ்கல் என்பது அது திரும்ப நிமிராதபடி வளையத் தொடங்கும் வலிமையின் குறைந்தபட்ச அளவு மட்டுமே. உண்மையில் வரும் தகடு அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கலாம், வலிமை கூடக்கூடத் திரும்புவதும் கூடும். நேற்று உருட்டிய 12 மில்லிமீட்டர் தகட்டுக்கு மேல் ரோலரை எங்கே நிறுத்தினோம் என்று ஸ்கேலில் குறித்துவைத்து, வேறொரு ஹீட்டில், அதாவது வேறொரு முறை உருக்கிய எஃகில், வார்த்த இன்றைய தகட்டுக்கும் அங்கேயே நிறுத்தினால், வட்டம் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பிடிவாதமானது. வளைக்க வளைக்க இறுகும். கார்பன் ஸ்டீல் உருட்டிய ரோலரைத் துடைக்காமல் அதை ஏற்றினால், ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்கள் பின்னர் துருப்புள்ளிகளாகத் தலைகாட்டும்.

எனவே தகடு ரோலர்களுக்கிடையே ஒருமுறை ஓடும் ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் நிறுத்தி, வேண்டிய வளைவில் மெல்லிய தகட்டில் வெட்டிய டெம்ப்ளேட்டை உட்புறத்தில் வைத்துப் பார்க்கிறேன். டெம்ப்ளேட்டின் இரு முனைகளிலும் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் வளைய வேண்டும். நடுவில் தெரிந்தால் அளவுக்கு மீறி வளைந்துவிட்டது என்று பொருள். குறைவாக வளைந்ததற்கு இன்னொரு பாஸ் போதும், மீறி வளைந்ததை விரிப்பதற்கோ அரை நாள் போய்விடும். அதனால்தான் கடைசி இரண்டு பாஸ்களில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கோபம் வருகிறது. வளையும்போது தகட்டின் மேலுள்ள கருஞ்செதில் படபடவென்று உதிரும் ஓசையை வைத்தே எந்த அளவுக்கு வளைகிறது என்று எனக்குப் பழக்கிக்கொடுத்த மூத்த ஆபரேட்டர் சொல்லிவிடுவார். எனக்குப் பாதிதான் வாய்த்திருக்கிறது.

முனைகள் தனித் தலைவலி. மூன்று ரோலர் இயந்திரத்தில் தகட்டின் இரு விளிம்புகளும் ரோலர்களுக்கிடையே முழுதாகப் பிடிபடாமல் தட்டையாகவே நின்றுவிடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே பிரஸ்ஸில் வளைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்தால் பற்றவைப்புக் கோட்டில் வீட்டுக்கூரை போல ஒரு முகடு எழும்பும். தகட்டை ரோலருக்கு நேராக வைக்காவிட்டால், முனைகள் திருகிக்கொண்டு ஒன்றையொன்று தாண்டி நிற்கும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு பி.வி.சி. ஷீட் ஆலையில், பிளாஸ்டிக்கை ரோலர்களால் அழுத்தி ஷீட்டாக்கும் கேலண்டர் இயந்திரத்தில் இருந்தேன். அங்கும் ரோலர்கள்தாம், ஆனால் குணம் நேரெதிர். 170, 180 டிகிரி சூட்டில் மாவாகக் குழைந்த பி.வி.சி., இரு ரோலர்களுக்கிடையே ஒரு திரளாக உருண்டுகொண்டே இருக்க வேண்டும். அந்தத் திரள் பெருத்துவிட்டால் ஷீட்டில் காற்றுக்குமிழ்கள், அதிக நேரம் தங்கிவிட்டாலோ பிளாஸ்டிக் கருகி மூக்கை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகை. சூடான ரோலர் நின்றுபோனால் அதுவே வளைந்துவிடும் என்பதால், ஆறும்வரை அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் அங்கு நாங்கள் ஓடிய ஓட்டத்தை நினைத்தால், குளிர்ந்த இரும்போடு மல்லுக்கட்டும் இந்த வேலை எனக்கு ஓய்வு போலத் தோன்றுகிறது.

இரண்டு இடத்துக்கும் பொதுவான ஓர் ஆபத்து, ரோலர்கள் உள்ளிழுக்கும் அந்த வாய். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தைச் சோதிப்பது, அதற்கு எண்ணெயிடுவது போன்ற வேலைகளைச் செய்பவருக்கு உடலோடு ஒட்டிய உடை வேண்டும், அதை நிர்வாகமே வழங்க வேண்டும் என்றது. நான் முன்பு இருந்த ஒரு பட்டறையில் உடையும் வழங்கப்படவில்லை, அவசர நிறுத்தக் கயிறும் பல மாதங்கள் அறுந்தே கிடந்தது. ஓடும் ரோலரில் எண்ணெயைத் துடைத்த ஹெல்பரின் கையிலிருந்த துணியை ரோலர் பற்றிக்கொண்டது. அவர் துணியை விட்டுவிட்டதால் விரல்கள் தப்பின. கையுறை போட்டிருந்தால் அதை அப்படி விட்டிருக்க முடியாது. தகட்டைத் தூக்கும்போது கையுறை, ரோலர் சுழலும்போது வெறுங்கை என்று இப்போது நான் கண்டிப்பாக இருப்பதைச் சிலர் அதிகாரம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பற்றவைத்து முடித்த ஷெல்லை மீண்டும் ஒருமுறை ரோலரில் ஏற்றி வட்டத்தைச் சீராக்குவதோடு என் பங்கு முடிகிறது. அழுத்தக் கலன்களுக்கான, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி, உள்ளழுத்தம் தாங்கும் ஷெல்லின் மிகப்பெரிய விட்டத்துக்கும் மிகச்சிறிய விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு குறித்த விட்டத்தில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 1000 மில்லிமீட்டருக்கு அது 10. நேற்று முடித்த ஷெல்லில் 1002, 998 என்று வந்தது. ஹீட் எண், கனம், ரோலர் இறங்கிய அளவு, தகடு திரும்பிய அளவு ஆகியவற்றை வழக்கம்போல நோட்டில் எழுதினேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ஒரே 12 எம்.எம்.முக்கு ஏண்ணே மூணு விதமா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டான். நாளை காலை வரவிருக்கும் தகட்டின் முதல் பாஸை அவனிடமே கொடுத்துவிட்டு, நான் டெம்ப்ளேட்டோடு நிற்கலாம் என்று இருக்கிறேன்.