கிளாட் ரெயின்ஸ்: உழைத்துப் பெற்ற குரல்

சென்ற வாரம் ஓர் இரவில் ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' படத்தை நான்காவது முறையாகப் பார்த்தேன். கேரி கிராண்டையும் இங்க்ரிட் பெர்க்மனையும் பார்ப்பதற்காகவே முதன்முறை அந்தப் படத்தின் முன் உட்கார்ந்தவன் நான். இம்முறை அவர்கள் இருவரும் திரையில் நிற்கும்போதுகூட என் கண் அந்த மூன்றாவது மனிதரையே தேடிக்கொண்டிருந்தது. குட்டையான உருவம், நேர்த்தியான உடை, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்து வைப்பதுபோன்ற உச்சரிப்பு. குணச்சித்திர நடிகர் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பொருள் கிளாட் ரெயின்ஸ்தான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

அவர் 1889 நவம்பர் 10 அன்று தென் லண்டனில் பிறந்தார். தந்தை பிரெட் ரெயின்ஸும் நடிகர்தான் என்றாலும், வீட்டில் வசதி இல்லை. அழுத்தமான காக்னி பேச்சுவழக்கோடு வளர்ந்த அந்தச் சிறுவனுக்குப் பேச்சில் குறையும் இருந்தது. ரகர ஒலி நாவில் வராததால், வில்லி ரெயின்ஸ் (முழுப்பெயர் வில்லியம் கிளாட் ரெயின்ஸ்) என்ற தன் பெயரையே 'வில்லி வெயின்ஸ்' என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது. பத்து வயதில் மேடையில் தலைகாட்டினான். பிறகு ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ நடத்திய அரங்கில், நடிகர்களின் அறைக் கதவைத் தட்டி மேடைக்கு நேரமாகிவிட்டது என்று அழைக்கும் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, மறந்துபோன வசனத்தை மறைவிலிருந்து எடுத்துக்கொடுப்பவனாகவும், பின்னர் மேடை நிர்வாகியாகவும் படிப்படியாக உயர்ந்தான். பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்ட ட்ரீ, தன் கைப்பணத்தைக் கொடுத்து உச்சரிப்புப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். பிற்காலத்தில் உலகமே வியந்த அந்தக் குரல் பிறவிக் கொடை அன்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. ஓர் ஏழைச் சிறுவன் ஒவ்வோர் எழுத்தாகத் திருத்தித் திருத்திக் கட்டி எழுப்பிய குரல் அது.

முதல் உலகப் போரில் அவர் லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் சேர்ந்தார். பின்னாளில் ஹாலிவுட்டில் புகழ்பெற்ற பாசில் ராத்போன், ரொனால்ட் கோல்மன், ஹெர்பர்ட் மார்ஷல் ஆகியோரும் அதே படைப்பிரிவில் இருந்தவர்கள். 1916-இல் பிரான்சின் விமி அருகே நடந்த நச்சுவாயுத் தாக்குதலில் ரெயின்ஸின் வலக்கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிற்று. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர், போர் முடிந்தபோது கேப்டனாக இருந்தார். கண்ணைப் பற்றி அவர் வெளியே பேசிக்கொண்டதில்லை. அவருடைய படங்களைப் பார்ப்பவர் எவரும் ஒற்றைக் கண்ணால் உலகைப் பார்த்த ஒருவர் நடிக்கிறார் என்று ஊகித்துவிட முடியாது.

1920-களில் அவர் லண்டனின் ராயல் அகாடமி நாடகப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நடிகர்களான ஜான் கில்குட்டும் சார்லஸ் லாட்டனும் அவரிடம் பயின்றவர்கள். அதன்பின் அமெரிக்கா சென்று, நியூயார்க் மேடையில் தியேட்டர் கில்ட் குழுவின் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தார். திரையுலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. மேடைக்குப் பழகிய உடலும் முகபாவங்களும் கேமராவுக்கு முன் அளவுமீறித் தெரிந்ததால், அவருடைய சோதனைப் படப்பிடிப்பு தோல்வியில் முடிந்தது. ஆனால் அந்தச் சோதனைப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது அதில் ஒலித்த குரல் இயக்குநர் ஜேம்ஸ் வேலின் காதில் விழுந்தது. தனக்கு வேண்டிய குரல் இதுதான் என்று அவர் முடிவு செய்தார். 1933-இல் வெளிவந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில், கட்டுகளாலும் கறுப்புக் கண்ணாடியாலும் மூடிய முகத்தோடும், சில காட்சிகளில் உருவமே இல்லாமலும், ரெயின்ஸ் குரலை மட்டுமே கொண்டு ஒரு மனிதனின் அகந்தையையும் பித்தையும் தனிமையையும் காட்டினார். அவர் முகம் தெரிவது இறுதியில், அந்த மனிதன் இறந்த பிறகு, சில நொடிகள்தான். அப்போது அவருக்கு வயது 44.

பின்னர் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் படங்களில் தொடர்ந்து நடித்தார். ராபின் ஹூட் கதையில் இளவரசர் ஜானாகவும், 1939-இல் 'ஹுவாரெஸ்' படத்தில் மூன்றாம் நெப்போலியனாகவும் வந்தார். அந்தப் படத்தில் அவரோடு நடித்த பெட்டி டேவிஸ், காட்சியில் அவர் காட்டிய வெறுப்பைக் கண்டு, இந்த மனிதருக்கு உண்மையிலேயே தன்னைப் பிடிக்கவில்லை என்று நம்பி நடுங்கிப்போனதாகப் பின்னாளில் சொன்னார். பிறகு அவர்கள் நெருங்கிய நண்பர்களாகி, மேலும் சில படங்களில் சேர்ந்து நடித்தார்கள்.

'காசாபிளாங்கா'வில் ரெயின்ஸ் ஏற்ற காவல்துறை அதிகாரி கேப்டன் ரெனோவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ஜெர்மானிய அதிகாரியின் கட்டளைக்குப் பணிந்து ஒரு கேளிக்கை விடுதியை மூட வேண்டிய நிலையில், இங்கே சூதாட்டம் நடப்பதை அறிந்து அதிர்ச்சி அடைந்ததாக ரெனோ உரக்கச் சொல்கிறார். அதே நொடியில் விடுதி ஊழியர் ஒருவர், அன்று அவர் சூதில் வென்ற பணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். ரெயின்ஸ் அதைக் கேலிக்கூத்தாக ஆக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு நன்றி சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, மறுபடி குரலை உயர்த்தி எல்லோரையும் வெளியேறச் சொல்கிறார். ஒருவருக்குள் இருக்கும் இரண்டு மனிதர்களும் அந்த இரண்டு குரல்களில் நம் முன் வந்து நின்றுவிடுகிறார்கள்.

சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கருக்கு அவர் நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டார்: 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'காசாபிளாங்கா', 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்', 'நொட்டோரியஸ்'. ஒருமுறையும் கிடைக்கவில்லை. முதல் மூன்று முறையும் தாமஸ் மிட்செல், சார்லஸ் கோபர்ன், பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று தேர்ந்த குணச்சித்திர நடிகர்களிடமே பரிசு சென்றது. நான்காவது முறை அதைப் பெற்ற ஹரோல்ட் ரஸல் தொழில்முறை நடிகர் அல்லர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவப் பணியில் இரு கைகளையும் இழந்தவர். அவருக்குக் கிடைத்ததில் எனக்கு மனக்குறை இல்லை. போரில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவரும் அதே வரிசையில் இருந்தார் என்பது மட்டும் மனத்தில் நிற்கிறது.

'நொட்டோரியஸ்' பற்றி நான் அதிகம் சொல்லியாக வேண்டும். ரெயின்ஸ் ஏற்ற அலெக்சாண்டர் செபாஸ்டியன், ரியோ டி ஜெனிரோவில் பதுங்கி வாழும் நாஜிக் குழுவைச் சேர்ந்தவன். தன்னை உளவு பார்க்க வந்த பெண்ணை (பெர்க்மன்) அறியாமல் மணந்துகொள்கிறான். உண்மை தெரிந்தபின் தாயோடு சேர்ந்து அவளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சு கொடுக்கிறான். இவ்வளவு கொடியவன்மீது நமக்கு இரக்கம் வருவதற்கு ஒரே காரணம், அவளை அவன் உண்மையாகவே நேசித்தான் என்பதை ரெயின்ஸ் நம்ப வைத்துவிடுவதுதான். அவளை இந்த வேலைக்கு அழைத்துவந்த உளவு அதிகாரியான கேரி கிராண்டின் பாத்திரம் அவள்மீதான காதலைச் சொல்ல முடியாமல் இறுகி நிற்கும்போது, செபாஸ்டியன் அதைத் தயங்காமல் வெளிப்படுத்துகிறான். பெர்க்மன் ரெயின்ஸைவிட உயரமானவர். அது உறுத்தாமலிருக்க ஹிட்ச்காக் சில காட்சிகளுக்குச் சரிவான நடைமேடை போட்டுப் படமெடுத்தார். எனக்கென்னவோ, அந்த உயர வேறுபாடு தெரியும் இடங்களில்தான் செபாஸ்டியனின் அச்சமும் பொறாமையும் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. அவனுடைய தாயாக நடித்த லியோபோல்டின் கான்ஸ்டன்டின் ரெயின்ஸைவிட மூன்று வயதே மூத்தவர். ஆனால் மனைவி ஓர் உளவாளி என்று தாயின் படுக்கையருகே வந்து சொல்லும் காட்சியில், ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் அடிபட்டு வீடு திரும்பிய சிறுவனாகவே மாறிவிடுகிறார்.

பெருமளவு நாட்களைப் பென்சில்வேனியாவில் வாங்கிய பண்ணையில் கழித்தார். 1951-இல் மேடைக்குத் திரும்பி, 'டார்க்னஸ் அட் நூன்' நாடகத்தில் சிறைப்பட்ட பழைய புரட்சியாளர் ருபஷோவாக நடித்து டோனி விருது பெற்றார். 1962-இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் டிரைடன் என்ற அதிகாரியாகச் சில காட்சிகளே வந்தாலும், பாலைவனத்தின் அத்தனை பிரம்மாண்டத்துக்கும் நடுவே அவருடைய அமைதியான சொற்கள் தனித்துக் கேட்கின்றன. 1967 மே 30 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் தம் 77-ஆம் வயதில் காலமானார்.

அவரை இதுவரை பார்த்திராதவர்கள் 'நொட்டோரியஸ்' படத்திலிருந்து தொடங்குங்கள். இறுதியில், நஞ்சேறித் தளர்ந்த மனைவியைக் கேரி கிராண்ட் தாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்க, கீழே சந்தேகத்தோடு நிற்கும் கூட்டாளிகளுக்கு அஞ்சி, செபாஸ்டியன் ஒன்றும் செய்ய முடியாமல் உடன் இறங்குவான். தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி அவன் கெஞ்சியும் காரின் கதவு திறக்கப்படாது. வீட்டு வாசலிலிருந்து அவனை உள்ளே வரச் சொல்லி ஒரு குரல் அழைக்கும். ரெயின்ஸ் திரும்பி, முதுகை நமக்குக் காட்டியபடி, அவசரமில்லாமல் அந்தப் படிகளில் ஏறிச் செல்வார். உள்ளே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்த ஒருவனின் நடை அது. கதவு மூடிக்கொள்ளும்.