இரண்டு பெயரெழுத்துகளும் ஓர் ஆண்டும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய மல் தீவில், கிரெய்க்னூர் படகுத்துறையிலிருந்து ஃபின்னஃபோர்ட் வரை போகும் சாலை பெரும்பகுதி ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம் கொண்டது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பதற்கென்று ஆங்காங்கே சிறிது அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் போகிறவர்களில் பெரும்பாலானோர் அயோனா தீவுக்குப் படகு பிடிக்கும் அவசரத்தில் இருப்பவர்கள். நாங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். பென்னிகேல் என்ற சிற்றூரில் பீட்டன் என்ற பரம்பரை மருத்துவக் குடும்பத்தின் நினைவுக்கல் இருப்பதாகப் படித்திருந்ததால் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் வந்தேன். அப்படியும் அதைத் தவறவிட்டு, அடுத்த ஒதுங்கிடம் வரை போய்த் திரும்பி வந்தோம்.

வேலி ஓரத்தில் யாரோ மிச்சம் விட்டுப்போன கல் என்று கடந்துவிடக்கூடிய அளவுதான் அது. கரடுமுரடான கற்களை அடுக்கிய மேடு, அதில் நட்ட பழைய சிலுவைத் தண்டு, முன்னால் லாக் ஸ்கிரிடன் என்னும் நீண்ட கடற்கழி. கல்லில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பாசிப் படலத்தை விரலால் தடவிக்கொண்டே போனால் எழுத்துகள் தட்டுப்படுகின்றன: ஜி.எம்.பி. என்று ஓரிடத்தில், டி.எம்.பி. என்று ஓரிடத்தில், 1582 என்று ஓர் ஆண்டு. முழுப் பெயர் இல்லை, தொழில் இல்லை, புகழுரை இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய கடிபூச்சிகள் காதோரம் மொய்க்கத் தொடங்கியதும் என் மனைவி காருக்குள் ஏறிக்கொண்டு, கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஒரு தீவுக்கே வைத்தியம் பார்த்தவங்களுக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அங்கே நின்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நானும் அவர்களைத் தவறாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். பதினாறாம் நூற்றாண்டு, எங்கோ ஒரு மூலையில் மழையும் சதுப்புமான தீவு, பரம்பரை வைத்தியர் என்றதும், பச்சிலை அரைத்து, மந்திரம் சொல்லி, கைராசியால் பெயரெடுத்த நாட்டு வைத்தியர் ஒருவர்தான் மனத்தில் வந்தார். பீட்டன் குடும்பத்தைப் பற்றி மேலும் படித்தபோதுதான் அந்தப் படம் எவ்வளவு பிசகானது என்பது புரிந்தது.

பீட்டன் என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இந்தத் தீவுகளின் மொழியான கேலிக்கில் அவர்கள் மக்பெத். கல்லில் உள்ள எம்.பி. என்பதை அப்படித்தான் கொள்ள வேண்டும். 1300-ஐ ஒட்டி, அயர்லாந்திலிருந்து ஓர் இளவரசி மக்டொனால்டு குலத் தலைவரை மணந்து வந்தபோது அவளோடு வந்த பரிவாரத்தில் இவர்களின் முன்னோரும் இருந்தார்கள் என்பது மரபுச் செய்தி. பிறகு கிளைகிளையாகப் பிரிந்து ஸ்கை, இஸ்லே, மல், யூயிஸ்ட் என்று தீவுதோறும் மருத்துவம் பார்த்தார்கள். மல் தீவுக் கிளை டூவர்ட் கோட்டையின் மக்லீன் குலத் தலைவர்களுக்கு மருத்துவர்களாக இருந்தது. கூலி பணமாக அல்ல, நிலமாக வந்தது. பென்னிகேலை ஒட்டி, இந்தக் கல் நிற்கும் பென்னிகிராஸ் அப்படி வந்த நிலம்தான். பெயரில் உள்ள பென்னி, பழைய நில அளவையைக் குறிப்பது. ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ராபர்ட் 1386-இல் தம் மருத்துவர் ஃபார்குவருக்கு வடக்குக் கரையோரத்துத் தீவுகளையே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஃபார்குவரும் இந்தக் குடும்பத்தவர் என்றே கருதுகிறார்கள். வைத்தியச் செலவுக்குத் தீவு கொடுத்த நோயாளியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது நிலமல்ல, அவர்களுடைய புத்தகங்கள். பிரான்சின் மோன்பெல்லியே நகரத்தில் மருத்துவம் கற்பித்த பெர்னார்டு டி கோர்டன் 1305-இல் லத்தீனில் எழுதிய 'லிலியம் மெடிசினே' என்ற பெருநூல் கேலிக்கில் மொழிபெயர்க்கப்பட்டு இவர்கள் கையில் இருந்தது. ஸ்கை தீவின் ஹூசபோஸ்ட் ஊரைச் சேர்ந்த ஃபார்குவர் பீட்டனிடம் இருந்த பிரதிக்கு அறுபது கறவைப் பசுக்கள் விலையாம். டன்வெகன் கோட்டைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது அவர் கடற்கழியைப் படகில் கடப்பார். புத்தகத்தை மட்டும் வேலையாளிடம் கொடுத்து, குதிரையில் நிலவழியாகச் சுற்றி அனுப்புவார். படகு கவிழ்ந்தால் மருத்துவர் போனால் போகட்டும், நூல் தப்ப வேண்டும் என்பது கணக்கு. மகனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் மருத்துவர் இன்னொருவர் வருவார், அறுபது பசுக்கள் மறுபடி வருமா என்று அவர் யோசித்திருக்கக் கூடும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தீவுகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய மார்ட்டின் மார்ட்டின், தெற்கு யூயிஸ்டில் ஃபெர்கஸ் பீட்டனிடம் இருந்த ஏடுகளைப் பட்டியல் போடுகிறார்: இப்னு சீனா, இப்னு ருஷ்து, பெர்னார்டு டி கோர்டன், ஹிப்போகிரட்டீஸின் பல தொகுதிகள். நடு ஆசியாவில் பிறந்தவரும் ஸ்பெயினில் பிறந்தவரும் அரபியில் எழுதியவை, லத்தீன் வழியாக வந்து, மீனவர்களும் மாடு மேய்ப்பவர்களும் பேசிய மொழிக்காரர் ஒருவரின் அலமாரியில், அதே மொழியின் எழுத்துருவில் இருந்திருக்கின்றன. கேலிக்கில் உடற்கூறு பேசலாம், நாடி பேசலாம், காய்ச்சலின் வகைகளைப் பிரித்துப் பெயரிடலாம் என்பதை இவர்கள் யாரிடமும் வாதாடி நிறுவவில்லை. நோயாளி காத்திருந்ததால் எழுதிக்கொண்டார்கள். தாய்மொழியில் மருத்துவம் முடியுமா என்ற விவாதத்தைக் கேட்டே வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது சிறிது பொறாமையாக இருந்தது.

நான் முதலில் கற்பனை செய்துகொண்ட ஆளும் அதே பயண நூலில் இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கை தீவின் நீல் பீட்டன் எழுதப் படிக்கத் தெரியாதவர், செடிகளின் சுவையையும் நிறத்தையும் கொண்டே குணத்தைக் கணித்தவர், இருந்தும் பெயர் பெற்ற மருத்துவர் என்று மார்ட்டின் எழுதுகிறார். ஒரே குடும்பப் பெயருக்குள் ஏட்டறிவும் கைப்பழக்கமும் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன.

மல் தீவு மருத்துவரைப் பற்றி அவர் சொல்லும் கதை வேறு மாதிரி. 1588-இல் ஸ்பெயினின் பெரும்படைக் கப்பல் ஒன்று இத்தீவின் டோபர்மோரி துறைமுகத்தில் வெடித்துச் சிதறியது, அது வரலாறு. அப்போது மேல்தளத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் பீட்டன் வெகுதூரம் தூக்கியெறியப்பட்டு, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார் என்பது மார்ட்டின் கேட்டு எழுதியது. நூறு ஆண்டுகள் வாய்வழியாக வந்த கதையை நான் அப்படியே நம்பத் தயாரில்லை. இருந்தாலும், கல்லில் உள்ள ஆண்டுக்கும் இந்த வெடிப்புக்கும் ஆறே ஆண்டுகள்தான் இடைவெளி என்பதால், ஜி-யோ டி-யோ தண்ணீரில் விழுந்து கரைக்கு நீந்தி வந்ததை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இவர்களுடைய மருத்துவம் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று கேட்டால், ஐரோப்பாவின் எந்த நகரத்து மருத்துவரையும் போலத்தான் என்பேன். நால்வகை உடற்சாறுகள் சமன்குலைவதே நோய் என்ற கொள்கை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். குருதி வடித்ததும் ஒன்றுதான். எதை உண்பது, எப்போது உறங்குவது என்று சொல்லும் உடல்நலக் குறிப்புகளும் அவர்களுடைய ஏடுகளில் உண்டு. அந்தப் பகுதி யாருக்கும் கெடுதல் செய்திருக்காது.

மரபு முடிந்த விதம் சத்தமில்லாதது. நிலம் கொடுத்த தலைவர்களின் கை தளர்ந்தது. மருத்துவம் பல்கலைக்கழகப் பட்டத்தோடு ஆங்கிலத்துக்கு மாறியது. மல் தீவுக் கிளையில் ஏடுகளைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த கடைசி மனிதரான ஜான் பீட்டன் மருத்துவரே அல்ல, கில்நினியன் ஊரின் பாதிரியார். 1700-இல் வேல்ஸ் நாட்டு அறிஞர் எட்வர்டு லூயிட் அவரைச் சந்தித்து ஏடுகளைப் பற்றிக் குறித்துக்கொண்டார். எஞ்சிய சுவடிகளில் பல இன்று எடின்பரோவில் உள்ள நூலகத்தில் இருக்கின்றன.

அயோனாவில் இன்னொரு ஜான் பீட்டனின் கல்லறைக் கல் உண்டு. மக்லீன் குடும்பத்தின் மருத்துவர், 1657-இல் மறைந்தவர். அதில் பெயர் முழுதாக இருக்கிறது, லத்தீன் செய்யுளும் இருக்கிறது: எத்தனையோ முறை பிறரை நோயிலிருந்து விடுவித்தவன், வெல்லும் கொடுஞ்சாவின் அம்பு பட்டு இதோ வீழ்கிறான். அந்தக் கல்லையும் பார்த்திருந்தால் சாலையோரத்துக் கல்லின் கஞ்சத்தனம் இன்னும் உறைத்திருக்கும். கடைசிப் படகுக்குப் பயந்து பாதியில் திரும்பிவிட்டோம்.

மறுநாள் ஓபன் நகருக்குத் திரும்பும் படகில் மேல்தளத்தில் நின்றிருந்தோம். முனையில் டூவர்ட் கோட்டை தெரிந்ததும் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். பாழடைந்து கிடந்த அதை 1911 முதல் மக்லீன் வம்சத்துத் தலைவர் ஒருவர் எடுத்துக் கட்டியதால் இன்றும் சுவர்கள் முழுதாக நிற்கின்றன. "இது யார் வீடு?" என்று மனைவி கேட்டாள்.

"நேத்து பார்த்தோமே, அந்த டாக்டருங்களோட பேஷண்ட் வீடு" என்றேன்.