நோய்க்குப் பெயர் வைக்க இத்தனை டெஸ்டா?

முதலில் கண்தான். இடது கண்ணை அசைத்தால் வலி. எக்செல் ஷீட்டில் நான் சிவப்பு அடித்து வைத்திருந்த கட்டங்கள் அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிந்தன. அல்சூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல கோளாறு இல்லம்மா, கண் நரம்புல வீக்கம். உடனே நியூரோ டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதினார்.

அட்மிட் ஆனதும் மெத்தில்பிரெட்னிசலோன், தினம் ஒரு கிராம், டிரிப்ஸில். வாயெல்லாம் இரும்புச் சுவை, ராத்திரி தூக்கமே இல்லை, பசியோ அகோரம். பார்வை திரும்புவதை இந்த ஸ்டீராய்டு வேகப்படுத்தும், நோயை நிறுத்தாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

எம்ஆர்ஐயில் மூளையில் வெள்ளைத் திட்டுகள். "எம்.எஸ்.ஸா டாக்டர்?" என்றேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பற்றி அதற்குள் போனில் படித்திருந்தேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகு விளக்கினார். எம்.எஸ்.ஸில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, கண் நரம்பு, தண்டுவடத்தில் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. வயர் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. உறையின் இடைவெளிகளில் சிக்னல் தாவித் தாவி ஓடுவதால்தான் அதற்கு அந்த வேகம். உறை போனால் சிக்னல் மெதுவாகும், சில சமயம் நடுவிலேயே நின்றுவிடும்.

இதற்கென்று ஒற்றை டெஸ்ட் கிடையாது. நரம்பு மண்டலத்தில் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் தாக்குதல் நடந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. வேறு நோய் இல்லை என்றும் உறுதிப்படுத்த வேண்டும். 2001-ல் வந்த மெக்டொனால்ட் விதிகளின் அடிப்படை அதுதான். 2017 திருத்தத்தில் தண்டுவட நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் (டெஸ்டில் கோடு கோடாகத் தெரியும் எதிர்ப்புப் புரதங்கள்) இருந்தால் அதையே 'வெவ்வேறு காலம்' என்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதனால்தான் எனக்கு முதுகில் ஊசி. கோலார் தங்கவயல்காரர் நர்ஸ் அக்கா, "முட்டியை நெஞ்சோட ஒட்டிக்கோ கண்ணு, அசையாதே" என்று தோளைப் பிடித்துக்கொண்டார். ஊசியைவிட மறுநாள் தலைவலிதான் கொடுமை: உட்கார்ந்தால் வரும், படுத்தால் போகும்.

மிச்சம் இருந்தது ரத்தத்தில் அக்வாபோரின்-4, மாக் (MOG) என்ற இரண்டைத் தாக்கும் ஆன்டிபாடிகள் இருக்கிறதா என்ற டெஸ்ட். அந்த ரிசல்ட் வரும்வரை நீண்டகால மருந்து எதையும் தொட மாட்டேன் என்று டாக்டர் பிடிவாதமாக இருந்தார். நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற நோயும் கண் நரம்பில் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதை அடையாளம் காட்டும் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி 2004-ல்தான் தெரியவந்தது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் போன்றவை அந்த நோயை மோசமாக்கிவிடும். இதைக் கேட்டபிறகு என் எரிச்சல் போயே போச்சு. அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொல்லி மருந்து எழுதும் டாக்டரைவிட இவர் எவ்வளவோ மேல்.

இதற்குள் தர்மபுரி அத்தைக்கு விஷயம் எட்டிவிட்டது. "நரம்புத் தளர்ச்சியாடி? எதிர்ப்பு சக்தி கூடும், சாப்பிடு" என்று லேகியம் கொடுத்தனுப்பினார். "இருக்கிற சக்தியே என்னைக் கடிக்குது அத்தை" என்றேன். கோபித்துக்கொண்டார்.

ஆன்டிபாடி இரண்டும் நெகட்டிவ், பட்டைகள் பாசிட்டிவ். விட்டு விட்டு வரும் வகை எம்.எஸ். டைமெத்தில் ஃப்யூமரேட் மாத்திரை, காலையும் இரவும் சாப்பாட்டோடு. சில நாள் முகம் திடீரென்று சிவந்து எரியும். வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. போன உறையை இது ஒட்டவைக்காது, புதுத் தாக்குதல்களைக் குறைக்கும்.

வீட்டுக்கு வந்த புதிதில் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் கண் மங்கியது. பதறிப்போய் போன் செய்தேன். சூட்டில் பழைய காயம் தலைகாட்டும், உடம்பு ஆறினால் சரியாகிவிடும், இதற்கு உதாஃப் என்று பெயர், 1890-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள் என்றார். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் புதுத் தாக்குதல் என்று சந்தேகப்பட வேண்டுமாம். இப்போது வெதுவெதுப்பான தண்ணீர்தான்.

அடுத்த எம்ஆர்ஐக்குப் போகும்போது பழைய ஸ்கேன் சிடியையும் கையோடு எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டினால் எது புதுத் திட்டு, எது பழசு என்று படத்தோடு படம் வைத்துப் பார்க்க முடியாது.