சந்தேகப் பட்டியலில் முனியாண்டி

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டார ரப்பர்த் தோட்டப் பிள்ளைகள் எழுதிய துப்பறியும் கதைகளில் முதல் சந்தேகம் எப்போதும் காவல் தெய்வமான முனியாண்டிமேல்தான் விழும். ரப்பர் ஷீட்டு அடிக்கும் ஸ்டோரில் ஷீட்டு குறைந்தாலும் முனி, கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டுச் சேவல் காணாமல் போனாலும் முனி. அவருடைய பழக்கவழக்கங்களும் அதற்குத் தோதுதான்: இராத்திரியில் குதிரையேறி எல்லையைச் சுற்றுகிறவர், சுருட்டுப் பிடிக்கிறவர், படையலில் வைத்த சாராயத்தை வேண்டாம் என்று சொல்லாதவர், குறுக்கு விசாரணைக்கு யாரும் அழைக்கத் துணியாதவர். அந்தக் கதைகள் வந்த நம் பள்ளியின் கையெழுத்து ஏட்டை இன்னும் வைத்திருப்பவர்கள் புரட்டிப் பார்க்கலாம். சிரிப்புக்குக் குறைவே இருக்காது. முடிவுதான் பெரும்பாலும் சொதப்பல்.

சொதப்பல் இரண்டே வகை. கடைசிப் பக்கத்தில் 'எல்லாம் முனியின் வேலை' என்று கையை விரிப்பது ஒன்று. வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு அலைந்த மண்டோரை (மேற்பார்வையாளரை) பிடித்து, பேயே கிடையாது என்று பாடம் நடத்துவது இன்னொன்று. முதலாவதில் வாசகர் ஏமாறுகிறார், இரண்டாவதில் முனி ஏமாறுகிறார். ஏட்டைப் பார்த்துக்கொண்ட தமிழாசிரியர் இரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிடுவார். முனி கதைக்குள் வரலாம், குற்றமும் செய்யலாம். ஆனால் அவரால் எது முடியும், எது முடியாது என்பது இரண்டாம் அத்தியாயம் முடிவதற்குள் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அந்தச் சட்டத்தை மீறாமல் சிரிப்பு, மாயம், அறிவியல் மூன்றையும் ஒரு துப்பறியும் கதையில் சேர்ப்பது எப்படி என்பதே இங்கே பேச்சு.

1929இல் ரோனல்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்யத்துக்கு இடமே இல்லை என்பது அதில் இரண்டாவது. எழுதியவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். பூசையில் இருப்பதைக் கதையில் வேண்டாம் என்றவர் அவர். அந்தக் கட்டளையை வேண்டுமென்றே மிதித்து நடந்தவர் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ். 1987இல் வந்த அவருடைய டர்க் ஜென்ட்லி என்ற துப்பறிவாளர் நாவலில் பேயும் உண்டு, கால எந்திரமும் உண்டு, மாடிப்படியில் எப்படிச் சிக்கியது என்று கணக்குப் போட்டாலும் விடை வராத ஒரு சோபாவும் உண்டு. 1988இல் வந்த அடுத்த நாவலில் இடியின் கடவுளான தோர், இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் கடப்பிதழ் இல்லாமல் டிக்கெட் கேட்டு நிற்கிறார். அவருடைய சுத்தியலைவிட அந்தக் கவுன்டர்தான் நமக்குச் சிரிப்பு மூட்டுகிறது. இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவர நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. விடியற்காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) முனி வந்து நிற்கட்டும். செக்ரோல் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குப் பால்வெட்ட நிரை (மரவரிசை) கிடையாது என்று கிராணி சொல்லட்டும். கதை தானாக ஓடும்.

கடவுளை விசாரணைக் கூண்டில் ஏற்றுவதில் நமக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் சுந்தரர் திருமணத்தை ஒரு கிழவர் தடுக்கிறார்: 'நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது.' சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழித்தது படி ஓலை, மூல ஓலை இதோ என்று கிழவர் எடுக்கிறார். அவையோர் செய்தது இன்றைய ஆவணப் பரிசோதகர் செய்வதேதான்: பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறொரு ஓலையை வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். தீர்ப்பு கிழவர் பக்கம். இந்த ஊரில் உங்கள் வீடு எங்கே என்று கேட்டதும் அவர் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துபோனார். ஆவணம் சுத்தம், முகவரிதான் சிக்கல். நகைச்சுவை, மாயம், துப்பறிதல் மூன்றும் ஒரே இடத்தில் இவ்வளவு பொருத்தமாக அமைந்த கதையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சிலம்பு வழக்கில் கவனிக்க வேண்டியது வரிசை. கண்ணகி எடுத்தவுடன் சிலம்பை உடைக்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து என்று பாண்டியன் தன் வாயாலேயே சொல்கிறான். அதற்குப் பிறகுதான் உடைப்பு. எதிராளியின் வாக்குமூலத்தை முதலில் வாங்காமல் சோதனை செய்தால் அவன் பிறகு கதையை மாற்றிக்கொள்வான். நம் ஏட்டுக் கதைகளில் பாதி இங்கேதான் வழுக்கி விழுந்தன. இன்னொன்று: மதுரை எரிவது சான்று நிரூபணமான பிறகு. தீயை முதலில் வைத்திருந்தால் வழக்கே இல்லை.

அறிவியல் பக்கத்துக்கு வருவோம். இதற்கு ஆய்வகம் வேண்டாம், தோட்டமே போதும். பேட்டரி விளக்கு வருவதற்கு முன் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போனவர்கள் நெற்றியில் கட்டியது கார்பைட் விளக்கு. கால்சியம் கார்பைடில் தண்ணீர் சொட்டினால் அசெட்டிலின் வாயு எரியும். அடியில் சுண்ணாம்பு தங்கும். சுத்தமான கார்பைட் 64 கிராமுக்கு உலர்ந்த சுண்ணாம்பு 74 கிராம் வரும். எரிந்ததைவிட மிச்சம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துக் கதையில் வரும் போலீஸ்காரர் குழம்பலாம். கூடிய எடை தண்ணீரிலிருந்து வந்தது. பூண்டு நாற்றமும் அடிக்கும். அது கார்பைடில் கலந்திருக்கும் பாஸ்பைடு கசடு தரும் பாஸ்பீன்.

இப்போது முனி மேடைக்குப் பக்கத்தில் காலையில் வெள்ளைப் பொடி கிடக்கிறது. ஊர் அதை விபூதி என்று நெற்றியில் பூசுகிறது. துப்பறிபவர் என்ன செய்வார்? ஏட்டில் எழுதியவர்கள் உடனே மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். ஆரத்தி போலச் சிவந்தால் சுண்ணாம்பு. இது தப்பு. சாணச் சாம்பலிலும் காரம் உண்டு, அதுவும் மஞ்சளைச் சிவக்க வைக்கலாம். சரியான சோதனை சூலத்தில் குத்தியிருக்கும் எலுமிச்சம்பழத்தில் இருக்கிறது. பொடியில் ஒரு சிட்டிகையைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுச் சாற்றைத் தாராளமாகப் பிழிய வேண்டும். புதிய சுண்ணாம்பு நுரைக்காமல் கரையும். நாள்கணக்கில் காற்றில் கிடந்தது கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட்டாக மாறியிருக்கும், அது நுரைக்கும். சாம்பலும் கொஞ்சம் நுரைக்கும், ஆனால் கரையாத மணல் அடியில் தங்கிவிடும். ஆக, ஒரே பழம் பொருளையும் காட்டும், காலத்தையும் ஓரளவு காட்டும். கட்டியாகக் கிடந்தால் மேல்தோலை மட்டும் சுரண்டக் கூடாது. வெளியே பழையதாகவும் உள்ளே புதியதாகவும் இருக்கும். அந்த ஒரு கவனக்குறைவே கதையில் தப்பான ஆளைக் கைது செய்யப் போதும். சாமிக்குப் படைத்த பொருளே அமிலமாக வேலை செய்வதால் கோயிலையும் கேலி செய்யாமல் தப்பிக்கலாம்.

மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கில் இருக்கும் பாலும் ஒரு கடிகாரம். விடியலுக்கு முன்னே வெட்டுவது மரத்தில் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும் நேரம் என்பதால். வெட்டியதும் வேகமாக வடியும், பிறகு குறையும், பால்குழாய்களின் வாய் உறைந்து அடைத்ததும் நிற்கும். எடுக்காமல் விட்டால் நுண்ணுயிர்கள் அமிலம் சுரந்து அன்றைக்குள்ளேயே கட்டிப்பாலாகிவிடும். அதனால் மங்கைப் பார்த்து எப்போது வெட்டியது என்று ஊகிக்கலாம். குற்றவாளி ஸ்டோரில் வேலை செய்பவன் என்றால் இந்தக் கடிகாரத்தை இரண்டு பக்கமும் திருப்புவான். உறையும் முன்னே அம்மோனியா சில சொட்டு விட்டால் பழைய பால் புதிதுபோல் நீராக நிற்கும். நீர் கலந்த ஃபார்மிக் அமிலம் விட்டால் சற்றுமுன் வெட்டியதும் பழையதுபோல் உறையும். கால எந்திரம் தேடுகிறவர்கள் இந்த இரண்டு போத்தலைப் பார்த்தாலே போதும். நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்பதால் துப்பறிபவருக்குச் சளி பிடித்திருப்பது நல்லது. வாசகர் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போவார், கடைசியில்தான் மூக்கில் உறைக்கும். மழை பெய்த காலையில் இந்தக் கடிகாரம் செல்லாது, பால் பட்டையில் பரவிக் கழுவிப் போயிருக்கும்.

ரப்பர்க் காய் வெடிப்பதையும் விடக்கூடாது. காய்ந்த வெயிலில் ஓடு இறுகிப் படீரென்று பிளந்து விதையைத் தூர எறியும். புதிதாக வந்தவர்களுக்கு அது முனி கல் எறிவதுதான். மழை கொட்டும் நடுராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டது என்று ஒரு சாட்சி சொன்னால், அவர் பகலில் கேட்டதை இராத்திரிக்கு மாற்றிச் சொல்கிறார்.

முனியின் விதிகளுக்கு வருவோம். நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி: செய்வது, செய்யாதது, கூலி. தொயோலை எடுத்துக்கொள்ளலாம். மலாய் நண்பர்கள் சொல்லும் அந்தக் குட்டிப் பேய் எசமானுக்காகக் காசு திருடும், கூலி இரத்தம், வாசலில் பச்சைப்பயறைச் சிதறினால் வந்த வேலையை மறந்து அதோடு விளையாட உட்கார்ந்துவிடும். சிலப்பதிகாரத்தில் புகாரின் வெள்ளிடை மன்றம், திருடியவனை மூட்டையோடு சுற்றவைக்கும், கொண்டுபோக விடாது. இவை இறுக்கமான விதிகள். இவற்றிலிருந்தே திருப்பத்தை எடுக்க வேண்டும்: பயறு சிதறிக்கிடந்தும் காசு போயிருந்தால் திருடியது தொயோல் அல்ல. இதைக் கண்டுபிடிக்க அறிவியலே வேண்டாம். புதிய விதியைப் பத்தாம் அத்தியாயத்தில் நுழைத்தால், வேதியியலில் புதுத் தனிமம் கண்டுபிடித்துத் தப்பித்ததற்கு ஒப்பு. ஒரு கதைக்கு ஒரு பேய் போதும். முனி, தொயோல், பொந்தியானா என்ற பெண்பேய் மூவரையும் அழைத்த கதைகளில் யார் எதைச் செய்தார்கள் என்பது எழுதியவருக்கே மறந்துபோயிருக்கும்.

தடயத்தை இரண்டு முறையாவது காட்டுவது நல்லது: முதலில் சிரிப்புக்குள் மறைத்து, பிறகு யாரோ அலட்சியமாகச் சொல்வதாக. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுக் காட்சி இருந்தால் வாசகர் மறந்துவிடுவார். அறிவியல் பெயர்களைக் குவிப்பது வேறு நோய். அசெட்டிலின் என்று ஒருமுறை சொன்னால் போதும், மற்ற இடத்தில் பூண்டு நாற்றம் என்றே எழுதலாம்.

பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அந்தக் காடுகளில் இப்போது பெரும்பாலும் செம்பனை. கார்பைட்டும் மங்கும் அவர்களுக்குப் புரியாது. அதற்கு ஈடாக உதிரிப் பழம் இருக்கிறது: குலை பழுத்தால்தான் பழம் தானாக உதிரும், அடியில் ஒன்றுமே இல்லாத மரத்தில் குலை வெட்டியிருந்தால் வெட்டியவன் அவசரக்காரன் அல்லது திருடன். அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், அதனால் திருட்டுக் குலை எவ்வளவு நேரம் மறைந்திருந்தது என்பதை ஆலைச் சோதனை ஓரளவு காட்டிவிடும். எலியை ஒழிக்கக் கம்பத்தில் வைக்கும் ஆந்தைப் பெட்டியும் உண்டு. கூகை இராத்திரியில் கிறீச்சிடும் சத்தம் எந்தப் பொந்தியானாவுக்கும் குறைந்ததல்ல. அது எலியை விழுங்கி எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பெட்டிக்கு அடியில் அந்த உருண்டைகளைப் பிய்த்து மண்டையோட்டை எண்ணினால் எத்தனை எலி என்று தெரியும். காணாமல் போன மோதிரத்தை மட்டும் அதற்குள் ஒளித்துவைக்க வேண்டாம். எலி மோதிரத்தை விழுங்காது, வளைக்குத்தான் இழுத்துப் போகும். அங்கே தோண்டச் சொல்லுங்கள்.